ஒரே பேக்லாகில் பல ஏஜெண்டுகள்: ‘பணி சேர்’ கருவிக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

இலைச்சீட்டு (கோத்தகிரி) · திங்கள், இரவு 8:52

வணக்கம். நாங்கள் மூன்று பேர் கொண்ட ஒரு சின்ன மென்பொருள் குழு. முழுக்க முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான வேலை: பச்சை இலை எடைச் சீட்டு, விவசாயி கணக்கு, மாதப் பட்டுவாடா. எங்கள் பக்கம் ஏஜெண்ட் என்றால் ஊர் ஊராகப் போய் இலை எடுக்கும் ஆள். இந்த இழையில் ஏஜெண்ட் என்று வருவதெல்லாம் ஏஐ ஏஜெண்ட்.

எங்களிடம் நான்கு ஏஜெண்டுகள் ஓடுகின்றன. ஒன்று வாட்ஸ்அப்பில் வரும் புகார்களைப் படிக்கும். ஒன்று நிரலைத் திருத்தும், ஒன்று சோதிக்கும். நான்காவது இரவில் கணக்குகளை ஒப்பிட்டு எங்கே இடிக்கிறது என்று பார்க்கும். அவற்றுக்கும் எங்களுக்கும் சேர்த்து பேக்லாக் (செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல்) ஒன்றுதான். அதில் பணி போட ஒரே கருவி, எம்சிபி (ஏஜெண்டுகளுக்கு வெளிக் கருவிகளை இணைக்கும் நெறிமுறை) வழியாகக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கருவிக்கு இப்போது உள்ள விளக்கம்:

> பணி சேர்: பேக்லாகில் புதிய பணி ஒன்றைச் சேர்க்கும்.
> தலைப்பு: பணியின் தலைப்பு.
> விவரம்: பணியின் விவரம்.
> முன்னுரிமை: பணியின் முன்னுரிமை.

இதன் பலனாக பேக்லாகில் சேர்ந்திருப்பவற்றில் சில:

> மேலே சொன்ன பிழையைச் சரிசெய்
> சாக்கு எடைக் கழிவு சரிபார்
> சாக்கு எடை கழிவதில் சிக்கல் (அவசரம்)
> சாக்கு எடைக் கழிவைச் சரிபார்க்கவும் (மிக அவசரம்)
> நிரலை இன்னும் மேம்படுத்தலாம்

விளக்கத்தை முழுசாகத் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரி கருவிக்கு ஏற்கனவே எழுதியவர்கள் சொல்லுங்கள். எதை எழுத வேண்டும், எதை எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை?

டெஸ்டிங் அக்கா (குன்னூர்) · திங்கள், இரவு 9:10

‘மேலே சொன்ன பிழை’. எந்த மேலே? யார் சொன்னது?

உங்கள் விளக்கத்தில் இல்லாத முக்கியமான வாக்கியம் இதுதான்: இந்தப் பணியை எடுத்துச் செய்யப்போகிறவருக்கு உன் உரையாடலில் ஒரு வரிகூடத் தெரியாது. பணி சேர்க்கிற நேரத்தில் ஏஜெண்டின் கண்முன்னால் எல்லாமே இருக்கும். கோப்பு திறந்திருக்கும், பிழைச் செய்தி இருக்கும், எந்தத் தொழிற்சாலை, எந்தச் சீட்டு என்பதெல்லாம் தெரியும். அதனால் ‘அந்தப் பிழை’ என்றாலே போதும் என்று அதற்குத் தோன்றுகிறது. நாளைக்கு அதை எடுக்கிற ஏஜெண்ட் வெறும் கையோடு வரும். மனிதர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் நாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வோம். சேர்த்த ஏஜெண்டின் ஓட்டம் முடிந்துவிட்டால் கேட்க ஆளே இல்லை.

விளக்கத்தின் முதல் இரண்டு வரியிலேயே இது வர வேண்டும். கடைசியில் போட்டால் எடுபடாது.

அரவேணு தம்பி · திங்கள், இரவு 9:24

‘சேர்ப்பதற்கு முன் தேடு, இருந்தால் சேர்க்காதே’ என்று பெரிய எழுத்தில் போடுங்க அண்ணா. எங்கள் இடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

ஊட்டிக் குளிர் · திங்கள், இரவு 9:31

மூன்று பேர் இருக்கிற குழுவுக்கு நான்கு ஏஜெண்ட், அவை போடும் குப்பையை ஒழுங்குபடுத்த ஒரு விளக்கம், அந்த விளக்கத்தைப் பற்றி ஒரு இழை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் முடிகிற வேலை என்று எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா?

டெஸ்டிங் அக்கா · திங்கள், இரவு 9:35

உங்களுக்கு மட்டும்தான் சார். கொழுந்து நன்றாக வருகிற சீசனில், பட்டுவாடா நெருங்கும்போது, அந்த வாட்ஸ்அப் குழுவை ஒரு வாரம் நீங்கள் வைத்துப் பாருங்கள்.

வெலிங்டன் வாசி · திங்கள், இரவு 10:18

அரவேணு தம்பி சொன்னதை எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

புகார் ஏஜெண்ட் தேடுகிறது, ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் கணக்கு ஏஜெண்டும் தேடுகிறது, ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்க்கின்றன. இரண்டுமே நீங்கள் எழுதிய விதியை அப்படியே பின்பற்றின, ஆனாலும் பணி இரண்டாகிவிட்டது. தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. எவ்வளவு அழகாக வாக்கியம் எழுதினாலும் அந்தச் சந்து அடைபடாது. டேட்டாபேஸ்தான் அடைக்க வேண்டும்.

அடுத்தது நம் மலைக்கே உரிய தொல்லை. மழைக்காலத்தில் காட் ரோட்டில் மண் சரிந்தால் ஃபைபர் அறுந்துபோகும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். ஏஜெண்ட் பணியை அனுப்பிவிட்டது, சர்வர் எழுதியும் வைத்துவிட்டது, பதில் திரும்பி வரும்போது லைன் கட். ஏஜெண்டுக்குத் தெரிவது ‘நேரம் கடந்தது’ என்பது மட்டும். பணி சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். உங்கள் சாக்கு எடைப் பணி மூன்று இருக்கிறதே, தலைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஏஜெண்டுக்குள் இருக்கும் மொழி மாடல் ஒவ்வொரு தடவையும் வாக்கியத்தைப் புதிதாக எழுதும். முன்னுரிமையையும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. ஆகவே தலைப்பை ஒப்பிட்டு இரட்டிப்பைப் பிடிக்க முடியாது.

பணம் கட்டும் ஏபிஐகளில் இதற்கு ஐடெம்பொட்டன்சி கீ என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒரே சாவியோடு எத்தனை தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். இணையக் கோரிக்கைகளுக்கான ஹெச்டிடிபியில் புட் (மாற்றி வை), டெலீட் (நீக்கு) இரண்டுக்கும் இந்தக் குணம் இயல்பாக உண்டு, போஸ்டுக்குக் (புதிதாக அனுப்பு) கிடையாது. ‘பணி சேர்’ போஸ்ட் வகையைச் சேர்ந்தது. அதனால் நாம்தான் சாவி கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சாவியை மாடலிடம் உருவாக்கச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு எண்ணைக் கற்பனையாகப் போடும், மறுமுயற்சியில் வேறொன்றைப் போடும். ஓட்டம் அறுந்து மறுபடி தொடங்கினால் முன்பு என்ன போட்டோம் என்பதே அதற்குத் தெரியாது. சாவி மூலத்திலிருந்து வர வேண்டும். வாட்ஸ்அப் புகார் என்றால் அந்தச் செய்தியின் அடையாள எண். கணக்கு ஒப்பீடு என்றால் தொழிற்சாலை, தேதி, சீட்டு எண் மூன்றும் சேர்ந்தது. டேட்டாபேஸில் அந்த ஃபீல்டுக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு இரண்டு தடவை வர முடியாது. இவ்வளவு செய்துவிட்டால், விளக்கத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒரே மூலத்திலிருந்து வருவது இரட்டிக்காது.

விளக்கத்தில் எழுதுவது வேண்டுகோள். நடந்தே தீர வேண்டும் என்றால் அது சர்வரில் இருக்க வேண்டும்.

அரவேணு தம்பி · திங்கள், இரவு 10:40

அண்ணா, எங்கள் பேக்லாக் ஜேசான் என்ற வடிவில் ஒரு வெறும் உரைக் கோப்புதான். ஏஜெண்ட் முழுதாகப் படித்து, சேர்த்து, முழுதாகத் திருப்பி எழுதும். யூனிக் கட்டுப்பாடெல்லாம் எங்கே போடுவது?

வெலிங்டன் வாசி · திங்கள், இரவு 10:47

இன்றைக்கே எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள் தம்பி. இரண்டு ஏஜெண்ட் ஒரே நேரத்தில் திருப்பி எழுதினால் பின்னால் எழுதியது மட்டும் மிஞ்சும், முதலில் சேர்ந்த பணி சத்தமில்லாமல் காணாமல் போகும். இரட்டிப்பாவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியவே தெரியாது. எஸ்க்யூலைட்டிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர் காத்திருக்கட்டும், அதற்கு பிஸி டைம்அவுட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. வால் (WAL) முறையில் வைத்தால் ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். நான்கு ஏஜெண்டுக்கு இது தாராளம்.

சேர்த்த பணியை யார் எடுப்பது, இரண்டு பேர் ஒன்றையே எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2016-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து பூட்டிய வரிசையைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதி இருக்கிறது. அது தனிக் கதை, வேறு இழை போடுங்கள், வருகிறேன்.

மேல்மலைக்காரன் (கொடைக்கானல்) · செவ்வாய், காலை 7:05

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. சில ஹோம்ஸ்டேகளுக்கு முன்பதிவு, அறை சுத்தம், ஜீப் ஏற்பாடு எல்லாம் ஏஜெண்டுகள் வழியாகத்தான் போகின்றன. 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து இங்கேயும் உங்கள் நீலகிரியிலும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அதற்கப்புறம் முன்பதிவு ஏஜெண்ட் போட ஆரம்பித்த பணி இது:

> நாளை வரும் விருந்தினரிடம் இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று கேள்

போட்டது வெள்ளி இரவு. வேறொரு ஏஜெண்ட் எடுத்தது சனி காலை. அதன் கணக்கில் நாளை என்றால் ஞாயிறு. வெள்ளிக்கிழமை ‘நாளை’ என்று சொல்லப்பட்ட குடும்பம் அதற்குள் மலையேறி வந்துகொண்டிருக்கும்.

‘தேதியை முழுதாக எழுது’ என்றால் முக்கால்வாசி சரியாகும். மிச்சக் கால்வாசி கடிகாரத்தில் இருக்கிறது. சர்வர் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கு விடிகாலை 4 மணி என்றால் அதற்கு இன்னும் முந்தின நாள் இரவு 10:30. ஏஜெண்ட் ‘இன்றைய தேதி’ என்று எடுத்துக்கொள்வது நேற்றைய தேதி. அதனால் நாங்கள் கெடு ஃபீல்டில் நேர வித்தியாசத்தோடு, அதாவது +05:30 சேர்த்து எழுதாவிட்டால் ஏற்பதே இல்லை. ‘நாளை’, ‘வார இறுதி’, ‘சீக்கிரம்’ எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும்.

திருப்பி அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். முதலில் ‘கெடு தவறு’ என்று மட்டும் சொன்னோம். ஏஜெண்ட் கெடுவையே காலியாக விட்டு அனுப்பியது, அது ஏற்கப்பட்டுவிட்டது! இப்போது சொல்வது: ‘கெடுவில் நாளும் மணியும் முழுதாக வேண்டும். உதாரணம் இந்த வடிவம். இப்போது இந்திய நேரம் இது. கெடு தெரியாவிட்டால் முன்பதிவில் உள்ள வருகைத் தேதியைப் பயன்படுத்து.’ அடுத்த அழைப்பிலேயே சரியாக வருகிறது. பிழைச் செய்தியும் விளக்கத்தில் ஒரு பகுதிதான் என்று நினைத்து எழுதுங்கள். சரியாகச் சொன்னால், ஏஜெண்ட் மிகக் கவனமாகப் படிக்கும் பகுதி அதுதான், ஏனென்றால் வேலை நிற்பது அங்கேதான்.

அப்புறம், இ-பாஸ் வண்டிக்கு வண்டி. பணியில் வண்டி எண் இல்லாவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதையும் கட்டாய ஃபீல்டாக வைத்தோம்.

இலைச்சீட்டு · செவ்வாய், மாலை 6:30

எல்லோருக்கும் நன்றி. பகலில் எழுதிய வரைவு இது. திட்டுங்கள்.

> பணி சேர்
> எல்லா ஏஜெண்டுகளும் மனிதர்களும் பகிர்ந்துகொள்ளும் பேக்லாகில் ஒரு பணியைச் சேர்க்கும். இதை எடுத்துச் செய்யப்போகிறவருக்கு உன் உரையாடல் தெரியாது, உன்னிடம் கேட்கவும் முடியாது.
>
> எப்போது: நீ இப்போது செய்துகொண்டிருக்கும் பணிக்கு வெளியே, யாராவது செய்தே ஆக வேண்டிய ஒன்றைக் கண்டால்.
>
> எப்போது வேண்டாம்: உன் பணிக்குள்ளேயே முடியக்கூடியதைச் சேர்க்காதே, முடித்துவிடு. பொதுவான யோசனை என்றால் உன் இறுதி அறிக்கையில் எழுது. ஏற்கனவே உள்ள பணியைப் பற்றிப் புதுத் தகவல் கிடைத்தால் ‘குறிப்பு சேர்’ கருவியை அழை.
>
> தலைப்பு: எந்தத் திரை அல்லது அறிக்கை, அதில் என்ன தவறு. ‘மேலே’, ‘அந்த’, ‘முன்பு சொன்ன’ போன்றவை கூடாது.
>
> விவரம்: என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், எந்தச் சீட்டில் அல்லது கோப்பில் பார்த்தாய்.
>
> முடிந்ததற்கு அடையாளம்: வேறொருவர் ஓட்டிப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாக்கியம்.
>
> முன்னுரிமை: அவசரம், சாதாரணம், பிறகு.
>
> மூலம்: புகார் செய்தியின் எண், அல்லது தொழிற்சாலை, தேதி, சீட்டு எண். இதை வைத்துத்தான் இரட்டிப்பு தடுக்கப்படுகிறது.
>
> உதாரணம்: தலைப்பு ‘எடைச் சீட்டுத் திரை: மழை நாள் தண்ணீர்க் கழிவு இரண்டு தடவை கழிகிறது’. முடிந்ததற்கு அடையாளம் ‘ஈரக் கழிவு 2 கிலோ என்று பதிந்த சீட்டில் நிகர எடை மொத்த எடையிலிருந்து சாக்கும் 2 கிலோவும் மட்டும் குறைந்து காட்டும்’. முன்னுரிமை ‘அவசரம்’.
>
> ஏற்கனவே அதே மூலத்தில் பணி இருந்தால் பிழை வரும்.

டெஸ்டிங் அக்கா · செவ்வாய், இரவு 7:15

‘முடிந்ததற்கு அடையாளம்’ வந்ததே பெரிய விஷயம். ‘நிரலை இன்னும் மேம்படுத்தலாம்’ என்கிற பணிக்கு அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. எழுத முடியாததால் ஏஜெண்ட் அதைச் சேர்க்காமலே விடும், அல்லது உருப்படியாக மாற்றி எழுதும். ஒரு கட்டாய ஃபீல்டு பத்து ‘செய்யாதே’க்குச் சமம்.

குறை மூன்று.

உதாரணத்தில் ‘அவசரம்’ போட்டிருக்கிறீர்கள். மாடல்கள் உதாரணத்தைப் பார்த்து எழுதும். ஒரே உதாரணம், அதில் அவசரம் என்றால், வரப்போகிற பணிகளில் பாதி அவசரமாகத்தான் இருக்கும். உதாரணத்தில் சாதாரணத்தைப் போடுங்கள், அல்லது வேறு வேறு வகையில் இரண்டு கொடுங்கள்.

அவசரம் என்றால் என்ன என்று எங்கேயும் சொல்லவில்லை. புகார் எழுதிய விவசாயிக்கு எல்லாமே அவசரம்தான், அவர் கோபத்தில் எழுதியதை ஏஜெண்ட் அப்படியே எடுத்துக்கொள்கிறது. தேயிலை வாரியம் மாதா மாதம் சராசரி விலை அறிவிக்கிறது, அதற்கப்புறம் நீங்கள் பட்டுவாடா கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில் தவறான தொகை போய்விடும் என்றால் மட்டும் அவசரம். பெயரையே ‘பட்டுவாடா தடை’ என்று மாற்றிவிடுங்கள். கோபமாக எழுதப்பட்ட புகாருக்கு அந்தப் பெயரைப் போட ஏஜெண்டுக்கும் கை வராது.

மூன்றாவதுதான் பெரியது: கடைசி வரி. ஏற்கனவே இருந்தால் ‘பிழை’ என்று சொல்லாதீர்கள். பிழை என்று கேட்டால் ஏஜெண்ட் அதைச் சரிசெய்யப் பார்க்கும். மூலத்தில் ஒரு புள்ளியைச் சேர்த்து மறுபடி அனுப்பி, ‘வெற்றிகரமாகச் சேர்த்துவிட்டேன்’ என்று அறிக்கை எழுதும். நான் சோதித்த ஒரு அமைப்பில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ‘சேர்ந்தது’, ‘ஏற்கனவே உண்டு’ இரண்டும் வெற்றி என்று சொல்லுங்கள். இரண்டிலும் பணி எண்ணைத் திருப்பிக் கொடுங்கள். அதற்கு வேண்டியது ஒரு எண், கிடைத்துவிட்டால் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

மேல்மலைக்காரன் · செவ்வாய், இரவு 7:32

ஒரே வாய்ஸ் மெசேஜில் இரண்டு புகார் வந்தால்? ‘எடை தப்பு, அப்புறம் போன மாதப் பணமும் வரவில்லை’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். செய்தி எண் ஒன்று. முதல் புகார் சேரும், இரண்டாவதுக்கு ‘ஏற்கனவே உண்டு’ என்று பதில் வரும். அக்கா சொன்னபடி அது வெற்றி வேறு. பணம் வராதவர் கதை அத்தோடு முடிந்தது.

வெலிங்டன் வாசி · செவ்வாய், இரவு 7:50

நல்ல பிடி. செய்தி எண்ணோடு வகையையும் சேர்த்துச் சாவியாக்குங்கள். வகை என்பது எடை, கழிவு, விலை, பட்டுவாடா, உள்நுழைவு, மற்றவை என்று நீங்கள் நிர்ணயித்த பட்டியல், கருவியின் ஸ்கீமாவில் (ஃபீல்டுகளின் வரையறையில்) ‘இவை மட்டும்’ என்ற பட்டியலாக (enum) கொடுத்தால் வேறு எதையும் போட முடியாது. ‘முதல் புகார், இரண்டாம் புகார்’ என்று எண் போடச் சொல்லாதீர்கள். மறுமுயற்சியில் வரிசை மாறும். சாவியை ஒட்டவைக்கும் வேலையையும் மாடலிடம் விடாமல் சர்வரே செய்யட்டும்.

‘ஏற்கனவே உண்டு’ என்று சொல்லும்போது இருக்கிற பணியின் தலைப்பையும் கூடவே அனுப்புங்கள். தான் சொல்ல வந்தது அது இல்லை என்று ஏஜெண்டுக்குத் தெரிந்தால் வகையை மாற்றி அனுப்ப வழி இருக்க வேண்டும்.

வெவ்வேறு விவசாயிகளோ, புகார் ஏஜெண்டும் கணக்கு ஏஜெண்டுமோ ஒரே பிழையைப் பற்றிச் சொன்னால் மூலம் வேறு வேறாக இருக்கும், அதை இந்தச் சாவி பிடிக்காது. அங்கே டேட்டாபேஸால் முடியாது, தீர்ப்பு வேண்டும். சேர்த்த பதிலிலேயே ‘இதைப் போன்றவை’ என்று இரண்டு மூன்று தலைப்புகளைக் கொடுங்கள். ஒன்றுதான் என்று ஏஜெண்ட் நினைத்தால் இணைக்கட்டும். முழு பேக்லாகையும் பதிலில் கொட்டிவிடாதீர்கள்.

எம்சிபியில் ஐடெம்பொட்டன்ட் ஹின்ட் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. சாவி வைத்த பிறகு அதை ஆம் என்று போடலாம். ஆனால் பெயரே சொல்வதுபோல அது வெறும் குறிப்பு. அதைப் போட்டதால் கருவி அப்படி ஆகிவிடாது.

அரவேணு தம்பி · செவ்வாய், இரவு 8:20

விளக்கத்தைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா? வரைவு தமிழில் இருக்கிறதே. ஒவ்வொரு ஓட்டத்திலும் இது மாடலுக்குள் போகும், டோக்கன் (மாடல் உரையை வெட்டி எண்ணும் துண்டு, கட்டணம் அதை வைத்துத்தான்) கணக்கு ஏறாதா?

இலைச்சீட்டு · செவ்வாய், இரவு 8:41

ஏறும் தம்பி. ஒரே விஷயத்துக்குத் தமிழ் அதிக டோக்கன் எடுக்கும், இப்போதைய மாடல்களில் அந்த இடைவெளி குறைந்திருக்கிறது என்றாலும். ஆனால் இந்த விளக்கத்தைத் திருத்தப்போவது நாங்கள் மூவர். எங்களில் புகார்களைக் கையாள்கிறவருக்குத் தமிழில் இருந்தால்தான் ‘இது தப்பு, மாற்று’ என்று சொல்ல வரும். அவர் சொன்னதால்தான் தண்ணீர்க் கழிவும் சாக்குக் கழிவும் வேறு வேறு என்றே விளக்கத்தில் வந்தது. சில ரூபாய் கூடுதலாகப் போனால் போகட்டும்.

தமிழில் வைத்தால் வருகிற வேறொரு சிக்கலில்தான் மாட்டினோம். ‘கொழுந்து’ என்று தேடினால் பாதிப் பணிகள் வரவில்லை. ‘கொ’ எழுத்தின் கொம்பையும் காலையும் சிலர் ஒரே குறியாகவும் சிலர் இரண்டு குறிகளாகவும் தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், யூனிகோடில் வேறு. எழுதும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடின் சீர் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் ‘கௌரி’யை ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று அடித்தால் என்எஃப்சி அதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. விவசாயி பெயர்களில் இது நிறைய. அதற்காகத்தான் பெயரை வைத்து எதையும் அடையாளம் காணாமல் உறுப்பினர் எண்ணைக் கட்டாயமாக்கினோம்.

டெஸ்டிங் அக்கா · செவ்வாய், இரவு 9:02

விவரத்தில் புகார் வாசகத்தை அப்படியே போடுகிறீர்களா?

இலைச்சீட்டு · செவ்வாய், இரவு 9:05

ஆமாம் அக்கா. இப்போது விவரத்துக்குள்ளேயே போகிறது.

டெஸ்டிங் அக்கா · செவ்வாய், இரவு 9:26

பிரித்துவிடுங்கள். ஒரு விவசாயி இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: ‘என் பழைய சீட்டெல்லாம் தப்பு, அத்தனையும் அழிச்சிட்டு புதுசா போடுங்க.’ அவர் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறார். அது விவரத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த நாள் நிரல் ஏஜெண்ட் பணியை எடுத்துப் படிக்கும்போது, யார் சொன்னது என்ற அடையாளம் இல்லாமல், ‘பழைய சீட்டுகளை அழி’ என்பது அதற்கான உத்தரவாகத் தெரிகிறது.

2022-இல் மென்பொருளாளர் சைமன் வில்லிசன் ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயர் வைத்த ஓட்டைதான் இது. கெட்ட எண்ணத்தோடு யாராவது செய்தால்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். பகிர்ந்த பேக்லாகில் இன்னும் மோசம், ஏனென்றால் வெளியாள் பேச்சைப் படித்தது ஒரு ஏஜெண்ட், அதன்படி நடப்பது இன்னொரு ஏஜெண்ட். நடுவில் உங்கள் ‘பணி சேர்’ கருவி அந்தப் பேச்சுக்கு அலுவலக முத்திரை குத்திக் கொடுக்கிறது.

‘புகார் வாசகம்’ என்று தனி ஃபீல்டு வையுங்கள். அதில் வருவது சாட்சியம், உத்தரவு அல்ல என்று பணியைப் படிக்கும் கருவியின் விளக்கத்திலும் எழுதுங்கள். எழுதியதோடு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். வெலிங்டன் அண்ணன் சொன்ன அதே கதைதான்: சீட்டை அழிக்கும் அனுமதியே நிரல் ஏஜெண்டிடம் இருக்கக் கூடாது.

ஊட்டிக் குளிர் · செவ்வாய், இரவு 9:40

சரி, இது எனக்குப் புரிகிறது. நோட்டுப் புத்தகம் பற்றி இனி பேசவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஏஜெண்ட் சேர்த்த பணியை வேறு ஏஜெண்ட் நேராக எடுத்துச் செய்யலாமா? நடுவில் மனிதர் யாரும் பார்க்க வேண்டாமா?

மேல்மலைக்காரன் · செவ்வாய், இரவு 9:58

நாங்கள் பார்க்கிறோம். ஏஜெண்ட் சேர்ப்பது எல்லாம் ‘வரவு’ நிலையில்தான் போய் விழும். மனிதர் ‘தயார்’ என்று மாற்றினால்தான் எடுக்கலாம். நிலை என்ற ஃபீல்டையே சேர்க்கும் கருவியில் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டு ‘இதைத் தொடாதே’ என்று எழுதுவதைவிட இது சுலபம்.

அரவேணு தம்பி · செவ்வாய், இரவு 10:04

எங்கள் இடத்தில் அப்படி வைத்தோம். ‘வரவு’ பெட்டி நிரம்பி வழிந்தது, பார்க்க ஆள் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘தயார்’ ஆக்கிவிடுவார் எங்கள் மேலாளர்.

வெலிங்டன் வாசி · செவ்வாய், இரவு 10:25

பார்க்காமல் ஒப்புதல் கொடுப்பதாக இருந்தால் ஒப்புதலே வேண்டாம். வகை பிரியுங்கள். பணத்தைத் தொடுவது, சீட்டைத் தொடுவது மனிதர் கண்ணில் படாமல் போகக் கூடாது. திரையில் எழுத்துப்பிழை, அறிக்கையில் நெடுவரிசை மாறியிருக்கிறது என்பதெல்லாம் நேராகப் போகட்டும். எந்த வகை எந்த வழி என்பதை சர்வர் தீர்மானிக்கட்டும், ஏஜெண்ட் அல்ல.

வரவு நிரம்புகிறது என்றால் உள்ளே வருவதைக் குறைக்க வேண்டும். ஒரு ஓட்டத்தில் ஒரு ஏஜெண்ட் இத்தனை பணிதான் சேர்க்கலாம் என்று வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டும்போது பதிலில் வழி காட்டுங்கள்: ‘இந்த ஓட்டத்தில் இனி சேர்க்க முடியாது. மீதியை உன் இறுதி அறிக்கையில் முக்கியத்துவ வரிசையில் எழுது.’ வரம்பு இருப்பதை விளக்கத்திலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தெரிந்தால் எது முக்கியம் என்று பார்த்துச் செலவழிக்கும். இன்னொன்று, ஒரு பணியைச் செய்யும்போது அதிலிருந்து கிளைத்த பணிக்குத் தாய்ப் பணியின் எண்ணை சர்வரே பதியட்டும். அது கிளை, அதற்கொரு கிளை என்று போனால் ஒரு மட்டத்தில் வெட்டிவிடலாம். இல்லாவிட்டால் நான்கு ஏஜெண்டும் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்துக்கொண்டு இரவெல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும், காலையில் பார்த்தால் பில் மட்டும்தான் இருக்கும்.

இலைச்சீட்டு · புதன், இரவு 9:15

மாற்றிவிட்டேன். சாவி, வகைப் பட்டியல், ஓட்ட வரம்பு, பணம் சார்ந்த வகைக்கு மனிதர் ஒப்புதல் எல்லாம் சர்வருக்குப் போயின. அதனால் விளக்கம் முந்தைய வரைவைவிடச் சிறியதாகிவிட்டது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரட்டிப்பைப் பற்றி மன்றாடிய வரிகள் தேவைப்படவில்லை. மாறிய பகுதிகள் மட்டும்:

> முன்னுரிமை: ‘சாதாரணம்’ அல்லது ‘பட்டுவாடா தடை’. இந்த மாதப் பட்டுவாடாவில் யாருக்காவது தவறான தொகை போகும் என்றால் மட்டும் இரண்டாவது. எந்த உறுப்பினர், எந்தச் சீட்டு என்று விவரத்தில் இருக்க வேண்டும். புகார் எவ்வளவு கோபமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது கணக்கில்லை.
>
> புகார் வாசகம்: வந்தது வந்தபடி. திருத்தாதே, மொழிபெயர்க்காதே, சுருக்காதே. விவரத்தில் இதை மறுபடி எழுதாதே.
>
> பதில்: ‘சேர்ந்தது’ அல்லது ‘ஏற்கனவே உண்டு’, பணி எண்ணோடு. இரண்டும் வெற்றி. ‘ஏற்கனவே உண்டு’ என்று வந்து, காட்டப்படும் தலைப்பு நீ சொல்ல வந்ததாக இல்லாவிட்டால் வகையைச் சரிபார்த்து மீண்டும் அனுப்பு. பதிலே வராவிட்டால் அதே மூலத்தோடும் வகையோடும் மறுபடி அனுப்பு, இரட்டிக்காது.

பழைய புகார்களிலிருந்து ஒரு கட்டு எடுத்து, பழைய விளக்கத்தோடு ஒரு தடவை, புதியதோடு ஒரு தடவை புகார் ஏஜெண்டை ஓட்டிப் பார்த்தோம். சாக்கு எடைப் புகாரில் புதியது சேர்த்த தலைப்பு: ‘எடைச் சீட்டுத் திரை: சாக்கு எண்ணிக்கையை மாற்றிச் சேமித்தாலும் பழைய கழிவே நிற்கிறது’. இதை யார் எடுத்தாலும் வேலையைத் தொடங்கலாம். ‘பட்டுவாடா தடை’ ஒன்றுதான் வந்தது, அது நியாயமானது.

ஒரு சந்தேகம் மிச்சம். மாலையில் விளக்கத்தை மாற்றியும் இரவுக் கணக்கு ஏஜெண்ட் இன்னும் ‘மிக அவசரம்’ என்று அனுப்பித் திருப்பி வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

வெலிங்டன் வாசி · புதன், இரவு 9:33

அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் ஏஜெண்டா? தொடங்கும்போது வாங்கிய கருவிப் பட்டியலைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கும். பட்டியல் மாறிவிட்டது என்று அறிவிக்க எம்சிபியில் வழி உண்டு, உங்கள் சர்வர் அதை அனுப்ப வேண்டும், அந்தப் பக்கம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். இப்போதைக்கு நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். விளக்கத்துக்குப் பதிப்பு எண் கொடுத்து, ஒவ்வொரு பணியிலும் எந்தப் பதிப்பைப் படித்துச் சேர்த்தது என்று பதிந்துவிட்டால் அடுத்த தடவை இப்படித் தேட வேண்டியிருக்காது.

இலைச்சீட்டு · புதன், இரவு 9:50

ஆமாம் அண்ணா, ஞாயிறு தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி ஓட்டினேன், இப்போது ‘சாதாரணம்’ என்று வருகிறது. பதிப்பு எண்ணை நாளை சேர்க்கிறேன்.

மேல்மலைக்காரன் · புதன், இரவு 9:52

‘நாளை’யா? தேதி போடுங்க சார் :)